இரண்டாங்கட்டுக்கு எட்டாத வைஃபை

குலதெய்வப் படைப்பை முன்னிட்டு இவ்வாண்டு மாசியில் பள்ளத்தூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மூன்று வாரம் போயிருந்தேன். விடுப்பு என்னவோ ஒரு வாரத்துக்குத்தான். மீதி இரண்டு வாரமும் ஊர் வீட்டிலிருந்தே சிங்கப்பூர் அலுவலக வேலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஊர் வீட்டு ஃபைபர் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவன் நானே என்பதாலும், பில்லில் வேகம் 50 எம்பிபிஎஸ் என்று தெளிவாக அச்சிட்டிருப்பதாலும், துணிந்து ஒப்புக்கொண்டேன்.

வந்திறங்கிய அன்றே உண்மை தெரிந்துவிட்டது. தெருவிலிருந்து வரும் ஃபைபர் கம்பிக்குத் துளை போட எளிதாக இருந்த இடம் முகப்பு. ஆகவே மோடமும் அங்கேயே மாட்டப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய ஒரே அறையோ வீட்டின் இரண்டாம் முற்றமான இரண்டாங்கட்டின் ஓரத்தில் இருக்கிறது. இடையே எழுபது அடி தூரம், கிட்டத்தட்ட இரண்டு அடி கனத்தில் மூன்று செங்கல் சுவர்கள். வெயிலுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கட்டிய சுவர்கள் வைஃபை அலையையும் அடக்கிவிட்டன. முகப்பில் 48 காட்டிய வேகச் சோதனை என் அறையில் ஒன்றரையைத் தாண்டவில்லை. முதல் கூட்டத்திலேயே என் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றதாகச் சக ஊழியர் படமெடுத்து அனுப்பினார்.

சேவை நிறுவனத்தின் அழைப்பு மையத்துக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் கிடைத்த யோசனை ஒன்றே: மாதக் கட்டணத்தைக் கூட்டி 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். தெருமுனை வரைக்கும் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, அடுப்படிக்குத்தான் வரவில்லை என்று சொல்கிறவரிடம் பெரிய தொட்டி கட்டச் சொல்வதைப் போன்ற யோசனை இது. நான்காம் நாள் வந்த லைன்மேன் மோடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று தன் கைப்பேசியில் சோதித்து, “ஐம்பது முழுசா வருதே சார்” என்றார். இரண்டாங்கட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன்; வீட்டுக்குள்ளே எங்கள் பொறுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் பார்வையில் அது சரியாகவும் இருக்கலாம்.

பிறகு நானே அளக்கத் தொடங்கினேன். அலையின் வலிமையை டெசிபல் கணக்கில் காட்டும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கும். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. மோடத்தின் அருகில் −40, வளவில் (முகப்பை அடுத்த முதல் முற்றத்தில்) −63, என் அறையில் −84. காணொளிக் கூட்டம் தடையின்றி நடக்க −67 அளவாவது இருப்பது நல்லது. மூன்று டெசிபல் குறைந்தால் வலிமை பாதியாகிறது என்பதால், −67-க்கும் −84-க்கும் இடையிலான அந்தப் பதினேழு பார்க்கும்போது தோன்றுவதைவிட மிகப் பெரிய இழப்பு. மோடம் இரண்டு பெயர்களில் ஒலிபரப்புகிறது. அவற்றில் லைன்மேன் ‘5ஜி வைஃபை’ என்று குறிப்பிட்டது கைப்பேசியின் 5ஜி அன்று, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் கூடுதல்தான், ஆனால் கனத்த சுவரில் முதலில் சாவதும் அதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றே தாக்குப்பிடிக்கும். சிங்கப்பூர் அடுக்ககத்தில் அக்கம்பக்கத்து வைஃபைகள் இருபது முப்பது ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால் 2.4-ஐ நான் தொடுவதே இல்லை. இங்கே சுற்றிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மடிக்கணினியின் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய தகடு. அதை எதுவும் செய்ய முடியாது. எனவே காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில், கணினியில் செருகி வைஃபை பிடிக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். விரல் நகம் அளவே இருந்த அது அழகாக இருந்தது. அறையில் செருகியதும் −86 காட்டியது. உள்ளே இருப்பதைவிடச் சிறிய ஆன்டெனாவை வெளியே செருகினால் வேறென்ன ஆகும்? மறுநாள் திருப்பிக் கொண்டுபோனபோது கடைத் தம்பி சிரித்தார். “அண்ணே, சின்னது பக்கத்துல இருந்து பிடிக்கத்தான். தூரத்துக்குக் கொம்பு வச்சதுதான் வேணும்” என்று சொல்லி, நிமிர்த்தி மடக்கக்கூடிய ஆன்டெனா உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்து, விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மூன்று மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியும் வாங்கச் சொன்னவர் அவரே. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்தக் கம்பியைப் பற்றிய அந்த ஒரு சொல்தான்.

அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் குறுந்தகட்டில் இருந்தது. என் கணினியில் குறுந்தகடு போட வழியில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் தரவிறக்கி நிறுவி, டிவைஸ் மேனேஜரில் உள்ளிருக்கும் பழைய வைஃபையை முடக்கினேன். இல்லாவிட்டால் கணினி பழக்கதோஷத்தில் அதையே பிடித்துக்கொள்கிறது. நீல நிற யுஎஸ்பி 3 துளையில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும் என்பதால் அடாப்டரை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றினேன். மேசைமேல் வைத்தபோது −76. அப்போதுதான் வீட்டின் அமைப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் வட்டாரத்து வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு வரைக்கும் வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். நீட்டிப்புக் கம்பியை அறைக்கு வெளியே இழுத்து, அந்தக் கோட்டில் படும்படி நிலைக்கு அருகே தோரணம் கட்டும் ஆணியில் அடாப்டரைத் தொங்கவிட்டேன். −61. வேகம் 31. இரவு ஒன்பதுக்கு ஆத்தா பர்மாத் தேக்குக் கதவைச் சாத்தித் தாழிடும்போது மட்டும் −67-க்கு இறங்கும். அதுவும் வேலைக்குப் போதும்.

ஆனால் அடாப்டர் என் கணினிக்கு மட்டுமே உதவியது. அடுப்படியில் பேத்தியோடு காணொளியில் பேச ஆசைப்படும் ஆத்தாவின் கைப்பேசிக்கு அதனால் பயனில்லை. கடைசி வாரத்தில் எலக்ட்ரீசியனை அழைத்து, உத்தரத்தை ஒட்டியே இருபத்தைந்து மீட்டர் கேட்6 இணையக் கம்பி இழுத்து, பரணில் கிடந்த பழைய ரௌட்டரை இரண்டாங்கட்டில் மாட்டினோம். அதில் ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்குமான வலையமைப்பு எண்) வழங்கும் வேலையை மோடமே பார்ப்பதால் நிறுத்தி, கம்பியை லேன் துளையில் செருகியதும் அடுப்படியில் −48. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்; ஆனால் எலக்ட்ரீசியன் தேதி கொடுக்கவே பதினொரு நாள் ஆயிற்று.

அடாப்டரையும் நீட்டிப்புக் கம்பியையும் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுடைய பழைய மேசைக் கணினியில் வைஃபை கிடையாது. மின்வெட்டின்போது முகப்பு மோடம் அணைந்துவிடுகிறது என்று நேற்று ஆத்தா சொன்னார்கள். இன்வெர்ட்டர் இணைப்பு அந்தப் பிளக்குக்கு இல்லை. பன்னிரண்டு வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை அதே கடைத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.