கேமிங் ஹெட்செட் கேட்டால் ‘ஆடியோஃபைல்’ ஹெட்ஃபோனைத் தலையில் கட்டும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் மின்னணுச் சாதனக் கடைகள் வரிசையாக இருக்கும் கடைத்தொகுதிகளுக்குக் கேமிங் ஹெட்செட் வாங்கச் செல்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்காக வாங்கும் பெற்றோர், அங்கு நடக்கும் ஒரு விற்பனை முறையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கேட்டு வந்த பொருளை மட்டமாகப் பேசி, ‘ஆடியோஃபைல்’ (ஒலித் தரத்தில் தீவிர ஆர்வமுள்ளவர்) என்ற சொல்லைக் காட்டி, வாங்குபவரின் தேவைக்குப் பொருந்தாத ஹெட்ஃபோனை விற்றுவிட்டு, பிறகு அதை வேலை செய்ய வைப்பதற்கென்று ஒவ்வொன்றாக வேறு கருவிகளையும் வாங்கச் சொல்வதே அந்த முறை. என் தங்கை மகனுக்கு இது நடந்தது. அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கினான்.

அவன் கேட்டது தெளிவானது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவியின் கன்ட்ரோலரில் நேரடியாகச் செருகக்கூடியதாக இருக்க வேண்டும். நண்பர்களுடன் பேச மைக் வேண்டும். பொருள் புதியதாகவும் உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்பே இவற்றை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்ற பதில் வந்திருந்தது. நானும் அவனுடன் சென்றேன்.

கடையில் விற்பனையாளர் முதலில் செய்தது, அவன் கேட்டிருந்த ஹெட்செட்டை விளக்கு வைத்த பிளாஸ்டிக் பொம்மை என்று ஒதுக்கியதுதான். இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஹெட்ஃபோனை வாங்கினால் எதிரியின் காலடி ஓசை எங்கிருந்து வருகிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்றார். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. அதே விலையில் கிடைக்கும் நல்ல இசை ஹெட்ஃபோன் பல கேமிங் ஹெட்செட்டுகளைவிடத் தெளிவாக ஒலிக்கும் என்பது சரி. காதுமூடியின் பின்புறம் திறந்திருக்கும் ஓப்பன்-பேக் வகையில் ஒலி விரிந்து கேட்கும், திசையை உணர்வதும் பலருக்கு எளிதாகிறது என்பதும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி என்பது சரியல்ல. 2014இல் வந்த ஹைப்பர்எக்ஸ் கிளவுட் என்ற புகழ்பெற்ற கேமிங் ஹெட்செட், டாக்ஸ்டார் புரோ 80 என்ற ஒலிப்பதிவுக்கான ஹெட்ஃபோனை அடிப்படையாகக் கொண்டு, மைக் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான். ஆகவே பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைவிட, எந்தக் கருவியில் செருகப்போகிறோம், யார் உறங்கும் வீட்டில் கேட்கப்போகிறோம் என்பவையே முக்கியமான கேள்விகள். அந்த விற்பனையாளர் இவை இரண்டையும் கேட்கவே இல்லை.

289 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 250 ஓம் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, கொண்ட ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் ஒன்றும், ‘7.1 சரவுண்ட்’ தரும் என்று சொல்லி 79 வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டரும் விற்றார்கள். பெட்டியின் முத்திரை பிரிக்கப்பட்டிருந்தது ஏன் என்று கேட்டதற்கு, வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாகப் பதில் வந்தது.

வீட்டில் கன்ட்ரோலரில் செருகியபோது ஒலி முழு அளவிலும் மெலிதாகவே வந்தது. மைக்கும் இல்லை; ஆனால் கம்பியிலேயே மைக் இருப்பதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். இது எளிதாகச் சரிபார்க்கக்கூடிய விஷயம் என்பதால் எல்லோருக்கும் சொல்கிறேன்: 3.5 மில்லிமீட்டர் செருகியில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் அதில் மைக்குக்கும் இணைப்பு உண்டு. இரண்டு கோடுகள் மட்டும் இருந்தால் இரு காதுகளுக்கான ஒலி மட்டுமே அதன் வழியே போகும். எங்களுக்குக் கொடுத்ததில் இரண்டு கோடுகளே இருந்தன. காதுமெத்தைகள் அமுங்கியிருந்தன, துணியில் தலைமுடி ஒட்டியிருந்தது. மேலும் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், பாட்டி உறங்கும் அறைக்கு அடுத்த அறையில், இரவு பத்து மணிக்குப் பிறகு ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனைப் பயன்படுத்துவது எளிதல்ல. உள்ளே கேட்கும் ஒலி வெளியிலும் கேட்கும், வெளியே ஓடும் மின்விசிறியின் ஓசை உள்ளேயும் வரும். இது அந்த வகையின் இயல்பே தவிரக் குறை அன்று. இரவில் விளையாடும் மாணவனுக்கு விற்கும்போது அதைச் சொல்லாமல் மறைத்ததே குறை.

இம்பீடன்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த விற்பனைக்கான தூண்டில் அதில்தான் இருந்தது. பெரும்பாலான கேமிங் ஹெட்செட்டுகள் 32 ஓம் அல்லது அதை ஒட்டிய அளவில் இருப்பதால், கைப்பேசியோ கன்ட்ரோலரோ தரும் சிறிய மின்னழுத்தமே அவற்றுக்குப் போதும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகச் செய்யப்பட்ட ஹெட்ஃபோன்கள் பலவற்றுக்கு அதிக மின்னழுத்தம் தேவை. சென்ஹைசர் எச்டி 600 300 ஓம் கொண்டது. பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் விற்கப்பட்டிருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு எந்த வகை கைக்கு வரும் என்பது கடைக்காரரின் விருப்பமாகிவிடுகிறது. ஓம் அளவோடு, ஒரு குறிப்பிட்ட மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற உணர்திறன் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெலிதாகக் கேட்கிறது என்று நாங்கள் திரும்பிச் சென்றபோது அந்தக் கடை உடனே 180 வெள்ளி விலையுள்ள ஆம்ப் (ஒலிச் சமிக்ஞையின் வலிமையைக் கூட்டும் கருவி) ஒன்றை மேசையில் எடுத்து வைத்தது. நேரடியாகச் செருகலாம் என்று எழுதிக் கொடுத்த அதே கடை, இப்போது ஆம்ப் இல்லாமல் இதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்றது.

அந்த 7.1 அடாப்டரும் தேவையே இல்லாத பொருள். ஹெட்ஃபோனில் பொதுவாக காதுக்கு ஒன்றாக இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளே இருக்கின்றன; ‘7.1’ என்பது, ஒலி நம் தலையையும் காது மடலையும் சுற்றி வரும்போது ஏற்படும் மாற்றங்களை மென்பொருள் கணக்கிட்டு, திசை இருப்பதுபோல் உணரவைக்கும் ஏற்பாடு. பிளேஸ்டேஷன் 5இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, கன்ட்ரோலரில் செருகும் சாதாரண ஹெட்ஃபோனிலும் அது வேலை செய்யும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் சோனிக் இலவசமாகவே கிடைக்கிறது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற விளையாட்டுகளில் இதற்கெனத் தனி அமைப்பு உண்டு. அதன் மேல் இன்னொரு 7.1ஐயும் இயக்கினால் ஒரே ஒலி இருமுறை மாற்றப்பட்டுத் திசை இன்னும் குழம்பும்.

ஆம்ப் வேண்டாம் என்றதும், கூடுதலாக 60 வெள்ளி கொடுத்தால் புளூடூத் கேமிங் ஹெட்செட் ஒன்றை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் பிளேஸ்டேஷன் 5உடன் நேரடியாக இணையும் என்றார்கள். பிளேஸ்டேஷன் 5 சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன்களை நேரடியாக ஏற்பதில்லை. கம்பியில்லாமல் வேண்டுமென்றால் யுஎஸ்பி டாங்கிளோடு (கருவியில் செருகும் சிறு இணைப்பி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையே வாங்க வேண்டும். கணினியில்கூட, புளூடூத் வழியாக மைக்கை இயக்கியவுடன் பெரும்பாலான ஹெட்செட்டுகளில் இசையின் தரம் தொலைபேசிக் குரல்போல் இறங்கிவிடும். ஒரே நாளில், ஒரே மாணவனிடம், உண்மைக்கு மாறான இன்னொரு விளக்கத்தையும் தயங்காமல் சொன்னது எனக்கு மிகுந்த கோபத்தை ஏற்படுத்தியது. நாங்கள் மறுத்துவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். பொருளின் தொடர் எண்ணை உள்ளூர் முகவரிடம் கொடுத்துக் கேட்டபோது, அது சிங்கப்பூருக்கென அவர்கள் இறக்குமதி செய்தது அல்ல என்றும், தங்கள் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது என்றும் தெரிந்தது. உள்ளூர் முகவர் வழியாக வராத ‘எக்ஸ்போர்ட் செட்’ விற்பது தவறன்று. அதை உள்ளூர் முகவரின் உத்தரவாதமுள்ள ‘லோக்கல் செட்’ என்று சொல்லி விற்பது தவறு.

ரசீதில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது சட்டத்தை மீறி நிற்காது. வாங்குபவர் தன் தேவையைக் கடைக்காரரிடம் சொல்லி, அதை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமாகப் பொருந்த வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டத்தில் உள்ள விதி. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன்’ சட்டத்தின்படி, பொருள் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாமல் இருப்பது ஆறு மாதத்துக்குள் தெரியவந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும்; இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. முதலில் பழுதுபார்ப்போ மாற்றோ கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம்.

பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டோம். அவர்கள் அனுப்பிய கடிதத்துக்குக் கடை பதில் தரவில்லை. அதன்பின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு செய்தான் என் தங்கை மகன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிமனிதர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர்களுக்கு அங்கு இடமில்லை. கலந்தாய்வின்போது வாட்ஸ்அப் பதில்களை அச்செடுத்து வைத்ததும் கடையின் பேச்சு மாறியது. ஹெட்ஃபோனுக்கான 289 வெள்ளியை முழுமையாகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். அடாப்டரைப் பற்றிய பேச்சு கடையில் வாய்மொழியாக மட்டுமே நடந்ததால், அதற்குப் பாதித் தொகையே கிடைத்தது.

அதனால் வாங்குபவர்கள் மாடல் பெயர், ஓம் அளவு, மைக் உண்டா, எந்தக் கருவியில் நேரடியாக வேலை செய்யும், புதியதா, உத்தரவாதம் யாருடையது ஆகிய எல்லாவற்றையும் பணம் செலுத்தும் முன் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். இதே முறையில் ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் குறுஞ்செய்திகளையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம்.