68,000 ரூபாய் டிஏசி: டெமோவில் நடக்கும் வால்யூம் ஏமாற்று

பெரம்பூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டீரியோவுக்கு டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பாரிமுனை அருகே ஹை-ஃபை சாமான் விற்கும் ஒரு கடை, 68,000 ரூபாய்க்கு ஒரு டிஏசியை எங்கள் தலையில் கட்டியிருக்கிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடை டெமோவில் ஒரே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. முதலில் சிடி பிளேயரிலிருந்து நேராக, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரில். அடுத்து அதே பிளேயரிலிருந்து டிஏசிக்கு, அங்கிருந்து தடித்த மூன்று பின் பேலன்ஸ்டு கேபிளில் ஆம்ப்புக்கு. "நல்லா பாத்துக்கங்க சார், வால்யூமைத் தொடவே இல்லை" என்று கையை விலக்கிக் காட்டினார் விற்பனையாளர். அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது. பாடகர் குரல் முன்னால் வந்து நின்றது, தபேலா அதிர்ந்தது. அங்கேயே பணம் கைமாறியது.

வால்யூமைத் தொடாததுதான் சூட்சுமம். மேனுவலின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது: ஆர்சிஏ 2 வோல்ட், பேலன்ஸ்டு 4 வோல்ட். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். அவ்வளவு எதற்கு, 1 டெசிபல் கூடினாலே பாட்டு தெளிவாகிவிட்டதாகத்தான் காதுக்குத் தோன்றும். வீட்டு ஆம்ப்பில் இருப்பது ஆர்சிஏ மட்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் பிளேயர் நேராக, டிஏசி வழியாக இரண்டுக்கும் ஒரே 2 வோல்ட் வரும்படி, 0.02 வோல்ட்டுக்குள் சமன் செய்தோம். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால், வீட்டில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. சிடியின் 16 பிட்டுக்கு இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல். சில ஆயிரம் ரூபாய் டிஏசியே அதை எட்டிவிடுகிறது. ஃபேன் ஓடுகிற அறையில் அதற்கு மேல் காதில் விழ எதுவும் இல்லை.

கடைக்குப் போன் போட்டால் முதல் பதில்: "பர்ன்-இன் ஆகணும் சார், 200 மணி நேரம் ஓடட்டும்." அதாவது ஓட ஓடத்தான் ஒலி பதமாகுமாம். பில்லில் ரிட்டர்ன் 7 நாள். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் 168 மணிதான் ஆகும்! சிப் சூடாகி நிலைக்குவரச் சில நிமிடம் போதும். அடுத்த பதில், கேபிள் மட்டமாம், 9,000 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறதாம். அதற்கடுத்து "உங்க ரூம் அப்படி சார்." இது மட்டும் உண்மை. 10 அடி அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் பாஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) தேங்கத்தான் செய்யும். ஆனால் எந்த டிஏசியும் அதைச் சரிசெய்யாது. 68,000 ரூபாயை வாங்கிப் பெட்டியில் போடுமுன் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஓனர் ஊரில் இல்லையாம், போனையே எடுப்பதில்லை.

எச்சரிக்கை, அவசரமாக: டெமோவில் இரண்டையும் ஆர்சிஏவிலேயே போடச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் கொண்டுபோங்கள், அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். லேப்டாப் ஜாக்கில் கரகரப்பு என்றால் மலிவான யூஎஸ்பி டிஏசி போதும். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் எர்த்தைப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில்லையும் கடைக்காரரின் வாட்ஸ்அப் பதில்களையும் அழித்துவிடாதீர்கள்.