போரோபுதூரா, மிகிந்தலையா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் அலசியதில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு: ஜாவாவின் பழைய பௌத்தக் கட்டடம் போரோபுதூர், இலங்கையின் பௌத்த மலைத்தலம் மிகிந்தலை. நாங்கள் போனது மிகிந்தலைக்கு. போரோபுதூரை நான் பார்த்தது கல்யாணத்துக்கு முன்பு, கெடுபிடி இல்லாத காலத்தில். இப்போதைய நிலவரம் என் தங்கை போய்வந்து சொன்னது. என் சாய்வைக் கொஞ்சம் கழித்துவிட்டே படியுங்கள்.

தூரத்தில் போட்டியே இல்லை. சிங்கப்பூரிலிருந்து, போரோபுதூருக்குப் பக்கத்து நகரமான யோக்யகர்த்தாவுக்கு நேரடி விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொழும்புக்கு நான்கு மணி நேரம், அப்புறம் மிகிந்தலைக்குப் பக்கத்து ஊரான அனுராதபுரத்துக்குக் காரில் இன்னொரு நான்கைந்து மணி நேரம். சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு போட்டால் போரோபுதூர் முடிந்துவிடும். மிகிந்தலைக்கு அது பத்தாது.

சிற்பத்திலும் போரோபுதூர்தான் மேலே. ஜாவாவை ஆண்ட சைலேந்திர அரசர்கள் காலத்துக் கட்டடம், 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள், 504 புத்தர் சிலைகள். காடு மூடிக் கிடந்த இடத்துக்கு 1814இல் ஆளனுப்பித் துப்புரவு செய்ய வைத்தவர் நம்ம ராஃபிள்ஸ்தான், சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு ஐந்து வருடம் முன்பு.

அப்படியிருந்தும் மிகிந்தலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், மேலே எவ்வளவு நேரம் இருக்க விடுகிறார்கள் என்பது. போரோபுதூரில் இப்போது மேலே ஏறத் தனி டிக்கெட். நாளுக்கு 1,200 பேர் என்று தொடங்கிய ஏற்பாடு அது. வழிகாட்டி பின்னால் குழுவாக, ஒதுக்கிய நேரத்துக்குள், அவர்கள் தரும் நெய்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கல் தேய்கிறது என்பதால் வந்த கட்டுப்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிற்பங்கள் தளம் தளமாக வலம் வந்து, கதையைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவை. தங்கை கப்பல் சிற்பத்தைத் தேடி நின்ற நேரத்தில் குழு அடுத்த தளத்துக்குப் போய்விட்டதாம். முட்டி வலியுள்ள அம்மாவை அந்தச் செங்குத்துப் படிகளில் அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

மிகிந்தலையில் 1,840 படிகள் என்றதும் அம்மா முகம் மாறியது. கார் மேல் நிறுத்தம் வரை போகும், பெரும்பகுதிப் படிகளை ஏற வேண்டியதில்லை. அசோகரின் மகனும் இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த பிக்குவுமான மகிந்தர், மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் அம்பஸ்தலத்தில், தூண்கள் சூழ்ந்த சின்னத் தாகபைக்கு (தூபிக்கு) எதிரே நிழலில் அம்மா உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. பிள்ளைகள் ஆராதனா கல்லில் ஏறினார்கள்: மொட்டைப் பாறை, வெட்டிய கால்தடங்கள், பிடிக்க இரும்புக் கம்பி. உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். தூரத்தில் அனுராதபுரத்துத் தாகபைகள் தெரியும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் ஏறிப் பழகிய கால்களுக்கு இது பெரிய விஷயமில்லை, உயரத்துக்குப் பயந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

இறங்கும்போது படி வழியாகவே வந்தோம், இருபுறமும் ஈழத்தலரி மரங்கள். நடுவழியில் பிக்குகளின் உணவுக்கூடம்; சோற்றுக்கும் கஞ்சிக்கும் கல்லில் குடைந்த நீண்ட தொட்டிகள். பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் என்ற மன்னன் காலத்தில் நட்ட கல்வெட்டுப் பலகைகள், விகாரை ஊழியருக்கு என்ன வேலை, என்ன கூலி என்பதுவரை எழுதியிருக்கிறது. அடிவாரத்தில் பழைய மருத்துவமனை. நோயாளியை மருந்தெண்ணெயில் கிடத்த, மனித உருவத்துக்கே வெட்டிய கல்தொட்டி அங்கே இருக்கிறது. என் மகன் அதைவிட்டு நகரவே இல்லை.

குறை உண்டு. மேலே செருப்பு, தொப்பி கூடாது. பத்து மணிக்கு மேல் கல் சுடும். காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலையிலேயே ஏறுங்கள் அல்லது நாலு மணிக்கு மேல். இன்னொன்று, ஜூன் பௌர்ணமி பொசொன் திருவிழா. மகிந்தர் இலங்கைக்கு வந்த நாள் என்பதால் வெள்ளை உடுத்திய பெருங்கூட்டம் வரும், வழியெல்லாம் தன்சல் பந்தல்களில் இலவசச் சாப்பாடு. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, அனுராதபுரத்தில் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். புத்தர் பிறந்த விசாகத் திருநாளன்று பக்கத்து மெண்டுட் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பும் போரோபுதூருக்கும் இதே கதைதான்.

பெரியவர்கள் கூட வராமல், கையில் மூன்றே நாள் என்றால் நானே போரோபுதூருக்குத்தான் டிக்கெட் போடச் சொல்வேன்.