சட்டமில்லாச் சுவர்ப்படங்கள்: பசையா, காந்தமா?

நடைவழிச் சுவரில் ஏழு புகைப்படங்களையும் என் மகள் வரைந்த மூன்று பென்சில் ஓவியங்களையும் சட்டமும் கண்ணாடியும் இல்லாமல் மாட்டுவது என்று முடிவு செய்தபோது, என் முன் நான்கு வழிகள் இருந்தன: இருபக்க ஒட்டுநாடா, நூலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுதல், கேன்வாஸில் அச்சிட்டு மாட்டுதல், இரும்புப் பட்டையில் காந்தம் வைத்துப் பிடிக்கச் செய்தல். இரண்டு ஆண்டுகளில் நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இன்று அந்தச் சுவரில் இருப்பது இரும்புப் பட்டை மட்டுமே என்பதால், என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் விழுந்துவிடுமோ என்பதுதான் பலருக்கும் முதலில் எழும் அச்சம். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாளில் அச்சிட்ட ஏ3 அளவுப் படத்தின் எடை ஏறத்தாழ 31 கிராம்தான். அதை மேற்சொன்ன எந்த வழியும் தாங்கும். செலவும் தோற்றமும் அவரவர் விருப்பம். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மாட்டிய படத்தை ஒருநாள் கழற்றும்போது அது முழுதாகக் கைக்குத் திரும்புமா?

ஒட்டுநாடா தோற்பது இந்த இடத்தில்தான். ஓராண்டு கழித்து ஒரு புகைப்படத்தைச் சுவரிலிருந்து மெல்ல உரித்தேன்; சுவரின் வண்ணம் தப்பியது, ஆனால் படத்தின் பின்புறத்தில் இருந்த மெல்லிய நெகிழிப் படலம் நாடாவோடு கிழிந்து வந்து, அந்த மூலை பஞ்சுபோலப் பிரிந்துவிட்டது. பென்சில் ஓவியத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அதன் தாளுக்குப் பூச்சு ஏதும் இல்லாததால் பசை இழைகளுக்குள் ஊறி, எண்ணெய் பட்டதுபோன்ற ஒரு சதுரம் முன்பக்கத்திலேயே தெரிந்தது. இத்தகைய பசை காலப்போக்கில் மஞ்சளித்து இறுகிவிடும் என்பதால், அந்தக் கறையை வீட்டில் வைத்து நீக்க வழியில்லை. அருங்காட்சியகங்களில் ஓவியத் தாளைப் பொருத்த, மெல்லிய ஜப்பானியத் தாளையும் நீரில் கரையும் மாவுப்பசையையும் பயன்படுத்துவதற்குக் காரணம், பின்னாளில் ஈரம் காட்டிப் பிரித்தெடுக்க முடியும் என்பதே. நான்கு மூலைகளையும் ஒட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் விரிந்து சுருங்கும், நகர இடமில்லாதபோது நடுவில் அலைபோல உப்பிவிடும்.

நூலும் கிளிப்பும் படத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் கிளிப்பின் பல் தடம் பதியும், நூல் நடுவில் தொய்யும், மின்விசிறிக் காற்றில் படங்கள் திரும்பிக்கொள்ளும். சிறிய படங்களை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு அது போதும். கேன்வாஸ் பார்க்க அழகானது. ஆனால் ஓரங்கள் மரச்சட்டத்தின் பின்னே மடிவதால் படத்தின் விளிம்பு மறையும், ஒருமுறை இழுத்து அடித்த பிறகு வேறு படத்தை அதில் மாற்றவும் முடியாது. நான் ஒரே ஒரு கேன்வாஸ் படத்தை, ஒரே ஓர் அறையில்தான் வைத்திருந்தேன் என்பதால் அதைப் பற்றி இதற்குமேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

இரும்புப் பட்டையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் சுவரோடு உறவு கொள்வது பட்டை மட்டுமே, படம் அல்ல. ஒரு மீட்டர் நீளப் பட்டைக்கு இரண்டு திருகுகள் போதும். பிறகு எத்தனை படங்களை மாற்றினாலும் சுவரில் புதிய துளை விழாது. வாங்கும்போது கையில் ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள்: பளபளப்பாக இருக்கும் துருப்பிடிக்காத எஃகு வகைகளில் பலவற்றில் காந்தம் ஒட்டாது. பவுடர் கோட்டிங் செய்த சாதாரண இரும்பே ஏற்றது. பூச்சு இல்லாவிட்டால் துரு படத்தின் பின்புறத்தில் இறங்கும்.

காந்தத்தில், சிறிதாக இருந்தும் வலுவாக இழுக்கும் நியோடிமிய வகைதான் நல்லது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டுகள் இரண்டு, ஓர் ஏ3 படத்தின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை விரலிலிருந்து பட்டென்று விட்டால் தாளில் பிறைபோன்ற பள்ளம் விழும். ஆகவே காந்தத்துக்கும் படத்துக்கும் இடையே சிறு தாள்துண்டு வைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குவதே முறை; எடுக்கும்போதும் படத்தின் மேல் இழுத்து நகர்த்தாமல் சாய்த்தே தூக்க வேண்டும். கீழ்விளிம்பை நான் பிடிப்பதில்லை. தாள் விரிய இடம் கிடைக்கிறது, சுருட்டி வைத்திருந்த படம் மட்டும் சில நாள் அடியில் வளைந்து நிற்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வட்டுகள் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

கண்ணாடி இல்லாத குறையைக் காந்தமும் தீர்ப்பதில்லை. தூசும் ஒளியும் நேராகப் படத்தின் மேல் விழுகின்றன. தாளில் உள்ள ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கிய ஒளியையே அனுமதிக்கின்றன, வீட்டுச் சன்னலோரமோ அதைப் பலமடங்கு தாண்டும். அதனால் மகளின் மூன்று ஓவியங்களையும் ஸ்கேன் செய்து, மூலங்களை அமிலமற்ற தாளுறையில் படுக்கை வாக்கில் வைத்துவிட்டேன். சுவரில் இருப்பவை அவற்றின் பிரதிகள். கறைபட்ட ஓவியத்தின் பிரதியிலும் அந்தச் சதுரம் தெரிகிறது.