குப்பை வண்டிகளுக்கு ரூட் போட ஓ.ஆர்.டூல்ஸ்: சில ஆண்டு அனுபவம்

கூகுளின் ஓ.ஆர்.டூல்ஸையும் ஓ.எஸ்.ஆர்.எம்மையும் சேர்த்துக் குப்பை வண்டிகளுக்கு ரூட் போட ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆகும் நேரத்தை ஓ.எஸ்.ஆர்.எம் அட்டவணையாகத் தரும். எந்த வண்டி எந்த வரிசையில் போவது என்பதை ஓ.ஆர்.டூல்ஸ் தீர்மானிக்கும்.

தெருமுனைத் தொட்டிகளுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொள்ளளவு, வேலை நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். வண்டி நிரம்பியதும் கொட்டிவிட்டு வந்து அடுத்த லோடு எடுப்பதற்கும் மாதிரி நிரல் உண்டு. கிடைத்த ரூட்டைத் திரும்பத் திரும்ப மாற்றி மேம்படுத்தும் கைடட் லோக்கல் சர்ச் முறையில் ஓடவிட்டால் நேர வரம்பு கொடுங்கள், தானாக நிற்காது.

ஓ.எஸ்.ஆர்.எம்மில் எனக்கு மிகவும் பிடித்தது ‘அப்ரோச்சஸ்’ அமைப்பு. அதை ‘கர்ப்’ என்று வைத்தால், தொட்டி இருக்கும் பக்கமாகவே வண்டி வந்து நிற்கும். பணியாளர்கள் தொட்டியை உருட்டிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டாம். சில இடங்களில் தூரம் கூடும். கூடட்டும்.

வீடு வீடாக எடுக்கும் பகுதிகளில்தான் மெனக்கெட வேண்டும். அங்கே தெரு முழுவதையும் கடந்தாக வேண்டும். எல்லாத் தெருக்களையும் குறைந்த தூரத்தில் சுற்றிவருவது எப்படி என்று சீனக் கணித அறிஞர் குவான் மெய்கோ 1960இல் எழுதிய தபால்காரர் கணக்கு இதுதான். அதோடு வண்டியின் கொள்ளளவையும் சேர்த்து 1981இல் கோல்டன், வோங் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஓ.ஆர்.டூல்ஸின் ரூட் கணக்குக்கோ போய் நிற்கும் புள்ளிகள்தான் தெரியும், தெருக்கள் தெரியாது. அதனால் ஒவ்வொரு தெருத்துண்டையும் திசைக்கு ஒன்றாக இரண்டு புள்ளிகளாக்கி, இரண்டில் ஒன்றுக்குப் போனால் போதும் என்று கட்டுப்பாடு வைக்கிறேன். அகலமான சாலை என்றால் இரண்டு பக்கமும் தனித்தனி வேலை.

தூரத்தை மட்டும் குறைக்கச் சொன்னால் ஒரு வண்டிக்கு மலைபோல் வேலை விழும், இன்னொன்று சீக்கிரமே ஷெட்டுக்குத் திரும்பிவிடும். நீளமான ரூட்டுக்கு அபராதம் விதிக்கும் ‘குளோபல் ஸ்பான் காஸ்ட்’டைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். மொத்தக் கிலோமீட்டர் கொஞ்சம் ஏறினாலும் பணியாளர்கள் ஏற்கும் ரூட் அதுதான்.

ஓ.எஸ்.ஆர்.எம்மோடு வரும், கார்களுக்கான அமைப்பு, முட்டுச்சந்தில் காம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் பெரிய வண்டி) திரும்ப இடமிருக்கிறதா என்று பார்க்காது. ஓட்டுநரைக் கேட்டு அந்தச் சந்துகளை முன்பே குறித்துவிடுங்கள். தொட்டியைத் தூக்கிக் கொட்டும் நேரத்தையும் அவர்களோடு போய் அளந்து கணக்கில் சேருங்கள். தொட்டிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம்.