ஏற்காட்டுக் கல் பங்களாவுக்கு நிலநடுக்கப் பலம்: சுண்ணாம்புக் கிரௌட்டா, வெல்டு மெஷ் பட்டையா?

நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 வரைபடத்தில் சேலம் மண்டலம் 3, அதாவது மிதமான ஆபத்துப் பகுதி. சேர்வராயன் மலையின் பழைய கல் சுவர் பார்வைக்கு ஒன்று; உள்ளே பெரும்பாலும் இரண்டு தோல் (தனித்தனிக் கல் அடுக்கு), நடுவில் சல்லியும் மண்ணும். குலுங்கும்போது கல் உடைவதில்லை, பிணைப்பு விட்டு வெளித்தோல் பிதுங்கிச் சரிகிறது.

சுண்ணாம்புக் கிரௌட் வழியில் மூட்டுகளை அடைத்து, சுவரில் வரிசையாகத் துளையிட்டு, கீழ் வரிசைத் துளையில் தொடங்கி மேலேறி, நீரிலும் இறுகும் சுண்ணாம்புக் குழம்பை (இதுவே கிரௌட்) செலுத்த வேண்டும். அழுத்தம் 1 பார் (bar) அளவுக்குள் இருக்கட்டும். மீறினால் பிதுங்கிய தோலை நாமே தள்ளிவிடுவோம். நடுவில் களிமண் இறுகியிருந்தால் குழம்பு ஏறாது. அங்கே இரு தோல்களையும் இணைக்கும் பிணைப்புக் கம்பிதான்: 75 மி.மீ. துளை, முனைகள் வளைத்த 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை தள்ளி. துளையிட ஹாமர் டிரில் வேண்டாம், அதிர்வே சுவரைத் தளர்த்தும். சுழன்று வட்டமாக வெட்டும் கோர் கட்டரிலும் தண்ணீரைக் குறையுங்கள், உள்மண் கரையும்.

மெஷ் பட்டை, அதாவது சுவரில் கம்பி வலை பதித்துச் சிமெண்டு பூசும் பட்டை, வேகமானது, கொத்தனார்களுக்குப் பழகியது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுதோல் தனியாகவே நிற்கும். ஏற்காட்டுப் பனியில் சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் தங்கும். கம்பி துருவேறி உப்பும், பூச்சு கல்முகத்தோடு பெயரும். பிறகு திரும்ப வழியில்லை.

கல்முகம் காக்கவேண்டிய கட்டடத்தில் சுண்ணாம்பையே தேர்வோம். கூரைமட்டத்தில் மட்டும் உட்புறமாக, மூலைகளில் அறுபடாத பட்டை ஒன்று ஓடட்டும். உத்திரங்களை அதோடு போல்ட்டில் பிணையுங்கள்.