ஓபேக்கா, ரேக்கா, ஷோத்கங்காவா: பல்கலைக்கழக நூலகத்தில் எதை எங்கே தேடுவது?

பிஎச்டி சேர்ந்த புதிதில் பலரும் கேட்பது இதுதான்: எல்லாம் நெட்டிலேயே கிடைக்கிறதே, நூலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? தேடுகிற பொருளைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். தமிழ் இலக்கியம், தமிழக வரலாறு என்று ஆய்வு செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், வேதியியல்காரர்களுக்குக் கடைசியில் ஒரு பத்தி போதும்.

முதல் போட்டி ஓபேக்குக்கும் ரேக்குக்கும். ஓபேக் என்பது நூலகத்தின் கணினிப் பட்டியல், நம் ஊரில் பல இடங்களில் கோஹா என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. ஆங்கிலப் புத்தகம் தேட அதை மிஞ்ச எதுவும் இல்லை. தமிழ்ப் புத்தகம் என்று வந்தால்தான் வம்பு. ஒரு நூலகத்தில் தலைப்பைத் தமிழிலேயே ஏற்றியிருப்பார்கள், இன்னொன்றில் ஆங்கில எழுத்தில், சில இடங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். பாரதி என்று தேட ஆங்கிலத்தில் 'எச்' போட்டு ஒரு தடவை (Bharathi), போடாமல் ஒரு தடவை (Bharati) தட்ட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியல் என்றால் தமிழ்ப் புத்தகத் தலைப்பில் வரும் பாரதி B எழுத்தில் இருக்க மாட்டார், P எழுத்தில் (Parati) இருப்பார். இதற்கு மேல் புனைபெயர். புதுமைப்பித்தனில் வராதது சொ. விருத்தாசலத்தில் வரலாம். இனிஷியலை முன்னால் போட்டார்களா பின்னால் போட்டார்களா என்பது பட்டியல் போட்டவருக்கே வெளிச்சம். 'முடிவுகள் இல்லை' என்று திரை சொன்னால் புத்தகம் இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

அதனால் ஓபேக்கை நான் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் வைத்துக்கொள்வேன்: நம் தலைப்பில் ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிப்பது, அதன் கால் நம்பரை (புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அலமாரி எண்) குறிப்பது, அப்புறம் நேரே ரேக்குக்குப் போய்விடுவது. பொருளுக்கு ஓர் எண் கொடுத்து அடுக்கும் டியூவி முறையைப் பின்பற்றும் நூலகம் என்றால் தமிழ் இலக்கியம் 894.811, அதில் கவிதை 894.8111, கதையும் நாவலும் 894.8113. கணினியில் யார் எந்த ஸ்பெல்லிங்கில் தட்டியிருந்தாலும் புத்தகத்தின் முதுகில் தமிழ்தான் இருக்கிறது. தேடிப்போனதற்கு நாலு புத்தகம் தள்ளி, பெயரே கேள்விப்படாத ஒன்று கையில் சிக்குவதும் அங்கேதான். (1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரை நேராக அலமாரிக்கு விடவேண்டும் என்று வாதாடியவர். நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை 1933ல் வெளிவந்தது. அந்த முறையில் அடுக்கிய நூலகத்துக்குப் போனால் மேலே சொன்ன டியூவி எண் உதவாது, கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ரேக் தோற்கிற இடமும் உண்டு. கோயில் பற்றி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். சமயம் 294.5ல் இருக்கும், கோயில் கட்டடக்கலை 726ல், தமிழக வரலாறு 954.82ல், கல்வெட்டு வேறெங்கோ. ஒரு ரேக்கில் நின்றுகொண்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்தால் முக்கால்வாசி விட்டுப்போகும். இரவல் போன புத்தகமும் ரேக்கில் தெரியாது. இங்கே ஓபேக்கின் பொருள் தலைப்புத் தேடல் (சப்ஜெக்ட் சர்ச்)தான் ஜெயிக்கும்.

இரண்டும் கைவிடுகிற வகை ஒன்று இருக்கிறது: கணினி வருவதற்கு முன் வாங்கிய பழைய நூல்கள், பைண்டு செய்த பத்திரிகைத் தொகுதிகள். கணினியில் ஏற்றாமல் விட்டுப்போனவை இவற்றில்தான் அதிகம். கார்டு கேட்டலாக் (அட்டைகளில் எழுதிய பழைய பட்டியல்) இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அரை நாள் ஒதுக்கிப் புரட்டலாம், வீண் போகாது.

ஆய்வேடுகளுக்கு வருவோம். யுஜிசியின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டு இணையதளமான ஷோத்கங்கா, நூலகத்தில் இருக்கும் பைண்டு தீசிஸ், இரண்டில் எது? ஆய்வேட்டை மின்வடிவிலும் தரவேண்டும் என்று யுஜிசி 2009ல் கொண்டுவந்த விதிக்குப் பின் வந்த ஆய்வேடு என்றால் யோசிக்காமல் ஷோத்கங்கா. இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப் என்பதால் முன்னுரையை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு மேலே போகலாம். தமிழில் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பும் சில சமயம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், அதனால் பெயரைத் தட்டித் தேடுவதைவிடப் பல்கலைக்கழகம், துறை என்று உள்ளே இறங்கிப் பார்ப்பது மேல். 1970கள், 80களின் ஆய்வேடுகளில் கொஞ்சம்தான் அங்கே ஏறியிருக்கிறது, மீதிக்கு நூலகப் படிதான் கதி. பெரும்பாலும் வெளியே தர மாட்டார்கள், முழுதும் ஜெராக்ஸ் எடுக்கவும் விட மாட்டார்கள். நோட்டுடன் உட்கார வேண்டியதுதான்.

பழைய தமிழ் நூல்களுக்கு என் ஓட்டு இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு. பதிப்புரிமை தீர்ந்தவை, நாட்டுடைமை ஆனவை நிறைய அங்கே இலவசம். அங்கே இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994ல் உருவாக்கியது அது. அங்கே ரேக்கை நாம் மேய முடியாது, சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஆனால் அந்த இழப்பை அவர்களுடைய பட்டியலே ஈடுகட்டிவிடும், கவனமாகப் போட்டிருக்கிறார்கள்.

வேதியியல்காரர்களுக்கு என்று சொன்ன பத்தி இதுதான்: ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை என்றால் இணையத்துக்குப் போட்டியே இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. சுயநிதிக் கல்லூரிக்காரர்களுக்கு அது இல்லை. அவர்கள் தங்கள் கல்லூரி டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பின் உறுப்பினரா என்று லைப்ரரியனிடம் கேட்கலாம், உறுப்பு நூலகங்களுக்குள் புத்தகமும் கட்டுரை நகலும் கைமாறும். தனியாளாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரி நூலகம் வழியாகத்தான்.

வேறு பல்கலைக்கழக நூலகத்துக்கு நேரில் போவதாக இருந்தால் கைடிடம் அறிமுகக் கடிதம் வாங்கி, துறைத் தலைவர் கையெழுத்தும் போட்டு, அடையாள அட்டை நகலோடு போங்கள். வேண்டிய நூல்களின் கால் நம்பரை அந்த நூலகத்தின் ஓபேக்கிலேயே வீட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வெளியாள் என்றால் பொதுவாக உட்கார்ந்து படிக்கத்தான் அனுமதி, இரவல் கிடையாது.